சேர்ந்து சுற்றும் நட்டு, அசையாத போல்ட்

கேள்வி: குளச்சலில் கடற்கரையை ஒட்டி வசிக்கிறேன். பழைய காரின் முன்பக்கத்தில் ‘கடகட’ சத்தம் வந்ததால் வளைவில் கார் அதிகம் சாயாமல் தடுக்கும் கம்பியைச் சக்கரப் பகுதியோடு இணைக்கும் லிங்க் ராடையும், சக்கரத்தைச் சட்டத்தோடு இணைக்கும் லோயர் ஆர்மையும் மாற்ற முனைந்தேன். லிங்க் ராடின் நட்டைத் திருப்பினால் அது மாட்டியிருக்கும் மரைத் தண்டும் சேர்ந்தே சுற்றுகிறது. ஆர்மின் போல்ட் அசையவே இல்லை. என்ன செய்வது?

பதில்: இரண்டுக்கும் காரணம் துருதான். உப்புக்காற்றோடு தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழையும் பெறும் மாவட்டம் நம்முடையது. துரு, தான் அரித்த இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால் மரைகள் இறுகிவிடுகின்றன.

லிங்க் ராடின் முனையில் இருப்பது கிண்ணத்துக்குள் தடையின்றிச் சுழலும் பந்து மூட்டு. ஆகவே இறுகிய நட்டு தண்டையும் இழுத்துக்கொண்டு சுற்றுகிறது. தண்டின் நுனியைத் துடைத்துப் பாருங்கள்: பல கார்களில் ஆலன் கீ நுழையும் அறுகோணக் குழி இருக்கும், சிலவற்றில் ரப்பர் உறையருகே மெல்லிய ஸ்பேனர் பிடிக்கும் தட்டைப் பகுதி இருக்கும். குழியில் அடைந்திருக்கும் துருவைக் கூரிய ஊசியால் சுரண்டி எடுத்து, ஆலன் கீயைச் சுத்தியலால் தட்டி அடிவரை இறக்கி, அதை அசையாமல் பிடித்துக்கொண்டு ரிங் ஸ்பேனரால் நட்டைத் திருப்புங்கள். நட்டு கழன்று வரவேண்டிய வழி வெளியே நீட்டியிருக்கும் மரைதான் என்பதால், முந்தின நாளே அதை வயர் பிரஷ்ஷால் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெய் விட்டு இரவு முழுவதும் ஊறவிடுவது மிக அவசியம்; பலர் இதைத்தான் தவறவிடுகிறார்கள். குழி மழுங்கிவிட்டால் தயங்க வேண்டாம்: எப்படியும் கழிக்கப்போகும் பாகம்தானே, பிரேக் ஹோஸை ஈரச் சாக்கால் மூடிவிட்டு நட்டைக் கிரைண்டரால் வெட்டிவிடலாம்.

ஆர்மின் போல்ட் வேறு வகை. அது பெரும்பாலும் புஷ்ஷின் (ஆர்ம் சட்டத்தோடு சேரும் இடத்தில் இருக்கும் ரப்பர் உருளையின்) உள்ளே இருக்கும் இரும்புக் குழாயோடு துருவால் ஒட்டியிருக்கும். ஸ்பேனரை அழுத்தும்போது சற்றே திரும்பி, விட்டதும் பழைய இடத்துக்கே திரும்பி வந்தால், திருகுவது போல்ட் அல்ல, புஷ்ஷின் ரப்பர் என்று அறியுங்கள். அந்த இடத்தில் நிறுத்திவிடுங்கள். நீண்ட பைப் மாட்டி மேலும் அழுத்தினால் போல்ட் முறியும், அல்லது சட்டத்தின் உள்ளே பற்றவைத்த நட்டு பிய்ந்து சுற்றத் தொடங்கும். அதன்பின் சட்டத்தில் துளை வெட்டித்தான் அதைப் பிடிக்க முடியும். ரப்பரும் ஷாக் அப்சார்பரும் அருகில் இருப்பதால் அங்கே காஸ் தீயைக் காட்டவே கூடாது. புஷ்ஷுக்கும் சட்டத்துக்கும் இடையே ரம்பத் தகட்டை நுழைத்து, போல்ட்டை இருபுறமும் அறுத்தெடுப்பதே பாதுகாப்பான வழி.

ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் புகாமல், கட்டாயம் ஸ்டாண்ட் வையுங்கள். புது போல்ட், உள்ளே நைலான் வளையம் வைத்த புது நட்டு போட்டு, காரைச் சக்கரங்களில் இறக்கி எடை ஏறிய பிறகே ஆர்மின் புஷ் போல்ட்டைக் கடைசி முறுக்கு முறுக்குங்கள். தூக்கிய நிலையிலேயே இறுக்கினால் ரப்பர் எந்நேரமும் முறுக்கிய நிலையில் இருந்து விரைவில் கிழிந்துவிடும்.