நாய்க்கு மீன் எண்ணெய்: எத்தனை கேப்சூல்?

கேள்வி: எங்கள் லாப்ரடாருக்கு 9 வயது, 30 கிலோ. மூட்டுத் தேய்மானம் என்றார் டாக்டர். நாங்கள் சாப்பிடும் மீன் எண்ணெய் கேப்சூலைக் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்கலாம். ஆனால் டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். '1000 மி.கி.' என்பது எண்ணெயின் எடை. வீக்கத்தைத் தணிக்கும் இ.பி.ஏ., டி.எச்.ஏ. என்ற ஒமேகா-3 கொழுப்புகள் இரண்டும் சேர்ந்து சாதாரண கேப்சூலில் 300 மி.கி.தான். உங்கள் நாய்க்கு ஒரு நாளைக்கு, கிலோவுக்கு 50 மி.கி. வீதம் 1500 மி.கி., அதாவது 5 கேப்சூல். ஒன்றில் தொடங்கி, வாரத்துக்கு ஒன்றாகக் கூட்டி, சாப்பாட்டோடு கொடுங்கள். மலம் இளகினால் ஒன்றைக் குறையுங்கள். பலன் தெரிய 6 முதல் 8 வாரமாகும், பொறுமை வேண்டும்.

ஒரு கேப்சூலை ஊசியால் குத்தி முகர்ந்து பாருங்கள். சிக்கு வாடை அடித்தால் டப்பாவோடு எறியுங்கள். காட் மீனின் ஈரலிலிருந்து எடுக்கும் காட் லிவர் எண்ணெய் வேண்டவே வேண்டாம். அதிலுள்ள வைட்டமின் ஏ, டி உடம்பில் தேங்கி நஞ்சாகும். கணைய அழற்சி வந்த நாய்க்கும், ஆபரேஷனுக்கு நாள் குறித்த நாய்க்கும் டாக்டரைக் கேட்காமல் தராதீர்கள்.