பிள்ளையிடம் வீட்டுக் கதை கேட்கலாமா?

கேள்வி: தரம் 8 படிக்கும் மகளிடம், பள்ளிக்கூடத்தில் "அப்பா குடிப்பாரா, அடிப்பாரா?" என்று ஒரு தாளில் எழுதி வாங்கியிருக்கிறார்கள். எங்களைக் கேட்க வேண்டாமா? – ஒரு தாய், ஹட்டன்

பதில்: கேட்டிருக்கத்தான் வேண்டும், தங்கச்சி. நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்த காலத்தில் இப்படியொரு தாளில் பெயரும் எழுதச் சொன்னார்கள். ஒரு பிள்ளை பென்சிலைக் கடித்துக்கொண்டே இருந்தாள்; பக்கத்து லயத்துப் பிள்ளை எட்டி எட்டிப் பார்த்தது. அந்த முகம் இன்னும் மறக்கவில்லை.

அமெரிக்காவில் 1978இலேயே இதற்குச் சட்டம் வந்தது: மத்திய கல்வித் திணைக்களப் பணத்தில் நடக்கும் கட்டாய ஆய்வில் குடும்ப வருமானம், மனநலம் போன்றவற்றைக் கேட்க, பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். இலங்கை 1991இல் ஏற்ற ஐ.நா. சிறுவர் உரிமைகள் சமவாயமும் பிள்ளையின் அந்தரங்கத்தைக் காக்கச் சொல்கிறது.

தாள் யாரிடம் போகிறது, பெயர் இருக்கிறதா என்று அதிபரிடம் கேளுங்கள். கொழுந்து வேலையால் போக முடியாவிட்டால் கடிதம் கொடுத்தனுப்புங்கள். மகளை ஏசாதீர்கள். அப்புறம், வீட்டில் உண்மையிலேயே அடி விழுந்தால் சிறுவர் உதவித் தொலைபேசி எண்ணான 1929க்கு அழையுங்கள்.