61 வயதில் விலகல் கடிதம் கேட்கும் உணவகம்

கேள்வி: சிங்கப்பூரில் ஓர் உணவகத்தில் ஒன்பது ஆண்டுகளாகச் சமையலறை உதவியாளராக இருக்கிறேன். சிங்கப்பூர்க் குடியுரிமை உடையவள், வயது 61. வெளிநாட்டு ஊழியர் இருவர் வந்த பிறகு என் வேலை நேரத்தைக் குறைத்துவிட்டார்கள். இப்போது, நானே விலகுவதாக எழுதிக் கொடுத்தால் அடுத்த வாரமே பகுதிநேரத்தில் சேர்த்துக்கொள்வதாக மேலாளர் கூறுகிறார். கையெழுத்திடலாமா?

பதில்: கையெழுத்திட வேண்டாம். மேலாளர் நல்லெண்ணத்துடனேயே சொல்லியிருந்தாலும், அந்தக் கடிதத்தால் நீங்கள் இழக்கப்போவது மிகப் பெரியது.

ஓய்வுபெறுதல், மறுவேலை நியமனச் சட்டத்தின்படி, ஓய்வு வயதை எட்டாத ஊழியரை வயதைக் காரணம் காட்டி வேலையிலிருந்து நீக்க முடியாது. அந்த வயது 2022 ஜூலை 1 முதல் 63, 2026 ஜூலை 1 முதல் 64. அதன் பிறகும், வேலைத்திறன் திருப்திகரமாகவும் உடல்நிலை தகுதியாகவும் இருந்தால், மறுவேலை நியமனம் அளிக்க முதலாளி கடமைப்பட்டவர். அதற்கான உச்ச வயது 2026 ஜூலை 1க்கு முன்பு 68, அந்த நாள் முதல் 69. பொருத்தமான வேலை எதுவும் இல்லையென்றால், பொதுவாக மூன்றரை மாதச் சம்பளத்தைக் கணக்கிட்டு, வகுக்கப்பட்ட வரம்புகளுக்கு உட்பட்டு, ஒருமுறை உதவித்தொகை வழங்க வேண்டும்.

ஆனால் இந்தப் பாதுகாப்பு குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே உண்டு. அவர்களும் 55 வயதை எட்டுவதற்கு முன்பே அந்த முதலாளியிடம் சேர்ந்து, குறைந்தது இரண்டு ஆண்டுகள் வேலை செய்திருக்க வேண்டும். நீங்கள் 52 வயதில் சேர்ந்தவர் என்பதால் இரண்டு நிபந்தனைகளும் இன்று நிறைவேறியுள்ளன. விலகிவிட்டு அடுத்த வாரம் புதிய ஒப்பந்தத்தில் சேர்ந்தால், 61 வயதில் சேர்ந்த புதிய ஊழியர் என்றே உங்களைக் கணக்கிட இடமுண்டு. ஒன்பது ஆண்டு உழைப்பில் கிடைத்த உரிமை ஒரு கையெழுத்தில் போய்விடும். பகுதிநேர வேலை உங்களுக்கே விருப்பம் என்றால், விலகாமலேயே, பணித்தொடர்ச்சி நீடிப்பதாக எழுதி, இருக்கும் ஒப்பந்தத்தில் திருத்தம் செய்துகொள்ளலாம்.

ஏற்கெனவே குறைக்கப்பட்ட வேலை நேரத்தைப் பற்றியும் மௌனமாக இருக்காதீர்கள். உங்கள் சம்மதமின்றி ஒப்பந்த நிபந்தனைகளை முதலாளி தன்னிச்சையாக மாற்ற முடியாது. ஆயினும் பல மாதங்கள் மறுப்பேதும் சொல்லாமல் குறைந்த சம்பளத்தை வாங்கிக்கொண்டிருந்தால், நீங்கள் சம்மதித்ததாகவே பின்னர் வாதிடுவார்கள். “இந்த மாற்றத்துக்கு நான் உடன்படவில்லை” என்று குறுஞ்செய்தியிலாவது இன்றே தெரிவியுங்கள்.

வெளிநாட்டு ஊழியர் வந்ததால் உங்கள் இடம் தேவையற்றதாகிவிட்டது என்ற எண்ணத்தையும் நான் ஏற்கவில்லை. சேவைத் துறை நிறுவனமொன்றின் மொத்த ஊழியர்களில் வேலை அனுமதிச் சீட்டிலும் எஸ் பாஸிலும் (இடைநிலைத் திறன் கொண்ட வெளிநாட்டினருக்கான அனுமதி) இருப்போர் 35 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. உள்ளூர் ஊழியர் 13 பேர் இருந்தால் வெளிநாட்டினர் ஏழு பேரை வைத்துக்கொள்ளலாம். உள்ளூரில் ஒருவர் குறைந்து 12 ஆனால் ஆறு பேர்தான். அந்தக் கணக்கில் ஒரு முழு ஆளாக எண்ணப்படுவதற்கு உள்ளூர் ஊழியர் பெற வேண்டிய தகுதிச் சம்பளம் 2024 ஜூலையில் மாதம் 1,600 வெள்ளியாக (சிங்கப்பூர் டாலர்) உயர்த்தப்பட்டது. அதற்குக் கீழே போனால் அரை ஆளாகவோ, கணக்கிலேயே சேராமலோ போகலாம். ஆகவே உங்களை இழப்பதும் உங்கள் சம்பளத்தைக் குறைப்பதும் உணவகத்தையே பாதிக்கக்கூடும். மேலாளரிடம் பேசும்போது இதைப் பணிவாக நினைவூட்டுங்கள்.

புதிதாக வந்த அந்த இருவர்மீது வருத்தம் கொள்ள வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். வெளிநாட்டு ஊழியரை வைத்திருப்பதற்காக அரசாங்கத்துக்குச் செலுத்தப்படும் தீர்வை முதலாளியின் பொறுப்பு. அதை அவர்கள் சம்பளத்திலிருந்து பிடித்தால் அது குற்றம். சம்பளம், மிகைநேர ஊதியம் குறித்த வேலை நியமனச் சட்டம் அவர்களுக்கும் பொருந்தும்.

மிரட்டலுக்கோ வற்புறுத்தலுக்கோ பணிந்து நீங்கள் விலக நேர்ந்தால், அதையும் பணிநீக்கமாகக் கருதச் சட்டம் இடமளிக்கிறது. ஆனால் வற்புறுத்தலை நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். ஆட்குறைப்பு என்று சொல்லி உங்களை அனுப்பிவிட்டு, அதே வேலைக்கு உடனே வேறொருவரை எடுத்தால், அந்தக் காரணமும் நிற்காது. எப்படியாயினும், கடைசி வேலை நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் வேலையிடச் சர்ச்சைகளில் சமரசம் செய்துவைக்கும் அமைப்பான, சர்ச்சை நிர்வாகத்துக்கான முத்தரப்புக் கூட்டணியிடம் (TADM) கோரிக்கையைப் பதிய வேண்டும். அந்தத் தவணையைத் தவறவிட்டால் வழக்கு எவ்வளவு வலுவானதாக இருந்தாலும் பெரும்பாலும் பயனில்லை. சமரசம் ஏற்படவில்லையென்றால், வேலை நியமனக் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குச் செல்லலாம். அங்கே 20,000 வெள்ளி வரையும், தொழிற்சங்கத்தின் துணையுடன் சமரசத்துக்குச் சென்றிருந்தால் 30,000 வெள்ளி வரையும் கோரலாம்.

அந்த மன்றத்தில் உங்கள் சார்பில் வழக்கறிஞர் வாதாட முடியாது. ஆவணங்கள்தான் பேச வேண்டும். எனவே சம்பளச் சீட்டுகள், மத்திய சேமநிதி அறிக்கைகள், நேரம் குறைக்கப்படுவதற்கு முன்னும் பின்னுமான வேலை அட்டவணைகள், மேலாளர் அனுப்பிய செய்திகள் ஆகியவற்றை இப்போதே பிரதியெடுத்து வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.