இருவரும் வேலைக்குப் போகிறோம், மதுரைக்கு அருகே 80 சென்ட் நிலம் வாங்கியிருக்கிறோம். தோட்டத்தை எங்கிருந்து தொடங்குவது?

நீங்கள் எழுதியிருப்பதைப் படித்ததும் நான்கு ஆண்டுகளுக்கு முந்தைய எங்கள் வீடு அப்படியே கண்முன் வந்தது. கணவன் மனைவி இருவருக்கும் வேலை, இரண்டு சிறு பிள்ளைகள், கையில் இருப்பது சனி ஞாயிறு மட்டும், கோழியும் ஆடும் வேண்டும் என்று பிள்ளைகளின் பிடிவாதம், தென்னை வைப்பதா மல்லிகை வைப்பதா என்ற குழப்பம். எல்லாமே நாங்கள் பட்டதுதான். அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கன்று வாங்கும் முன், வேலி போடும் முன், ஒரு நாட்காட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஓராண்டில் தோட்டத்தில் நிச்சயமாக இருக்கக்கூடிய நாட்களை மட்டும் வட்டமிடுங்கள். தேர்வுக் காலம், சித்திரைத் திருவிழா, உறவில் கல்யாணம், காதுகுத்து, பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்று போகும் வாரங்களைக் கழித்துவிடுங்கள். நாங்கள் கழித்துப் பார்த்தபோது 52 வாரங்களில் 34தான் மிஞ்சின. 80 சென்ட் என்பது பத்திரத்தில் உள்ள அளவு. உங்களால் எவ்வளவு பார்த்துக்கொள்ள முடியும் என்பதை இந்த எண் சொல்லிவிடும். பத்து நாட்கள் நீங்கள் போகாவிட்டாலும் எது உயிரோடு இருக்குமோ அதை மட்டும் வையுங்கள். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மற்றவையெல்லாம் இதை நாங்கள் எப்படிக் கற்றோம் என்ற விவரம்.

எங்கள் நிலம் பாலமேட்டுக்கு அருகில், 72 சென்ட். மதுரை வீட்டிலிருந்து முக்கால் மணி நேரம் ஆகும். வாங்கிய இரண்டாவது மாதமே மூத்தவளின் ஆசைக்காகச் சந்தையில் சிறுவிடை என்னும் நாட்டுக்கோழிக் குஞ்சுகள் 20 வாங்கினோம். அவளுக்கு அப்போது ஆறு வயது. ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருந்தாள். தீவனமும் தண்ணீரும் வைக்க ஊரில் ஒருவரை ஏற்பாடு செய்திருந்தோம், அவரும் ஒழுங்காகவே வைத்தார். ஒரு சனிக்கிழமை காலை போய்ப் பார்த்தால் 14 குஞ்சுகள் இறந்து கிடந்தன. மீதி ஆறும் இறக்கையைத் தொங்கப்போட்டு, பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்துகொண்டிருந்தன. ஞாயிறு மாலைக்குள் அவையும் போயின. வெள்ளைக் கழிச்சல். நச்சுயிரியால் (வைரஸால்) வருவது, வந்தபின் மருந்து கிடையாது. ஏழாம் நாளில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டுத் தடுப்பு மருந்து, நான்காம் வாரத்தில் மறுபடி ஒரு முறை, எட்டாம் வாரத்தில் ஊசி. இவ்வளவு செய்திருந்தால் பெரும்பாலானவை பிழைத்திருக்கும். எங்களுக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும் ஏழாம் நாள் புதன்கிழமை, நாங்கள் இருவரும் அலுவலகத்தில் இருந்திருப்போம். மகள் அன்று அழவில்லை, காரில் வரும்போது ஒரு வார்த்தை பேசவில்லை. அது எனக்கு இன்றும் வலிக்கிறது. அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் தடுப்பூசி போடும் நாட்களைக் கேட்டு, அந்த நாட்களில் யாராவது அங்கே இருப்பார்கள் என்று உறுதி செய்த பிறகே கோழி வாங்குங்கள்.

அடுத்தது தண்ணீர். எங்கள் நிலத்தில் 60 அடிக் கிணறு ஒன்று உண்டு. கார்த்திகையில் வந்து பார்த்தபோது பதினான்கு அடியில் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. என் கணவர் அப்போதே தென்னை என்று முடிவு செய்துவிட்டார். பக்கத்துத் தோட்டத்து அப்பத்தா வரப்பில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவர், "தண்ணீரைப் பார்த்துக் கன்றை வை தாயி, கன்றை வைத்துவிட்டுத் தண்ணீரைத் தேடாதே. சித்திரை வரட்டும்" என்றார். சித்திரை வரை பொறுத்தோம். ஒரு கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு, நுனியில் கல்லைக் கட்டி, மாதம் ஒரு முறை இறக்கி மூத்தவள் நோட்டில் எழுதிவந்தாள். மாசியில் தண்ணீர் 33 அடி ஆழத்துக்கு இறங்கியிருந்தது. சித்திரையில் 51 அடி. மோட்டார் போட்டால் பத்து நிமிடத்தில் காற்று வாங்கியது, திரும்ப ஊறுவதற்கு மறுநாள் ஆயிற்று. இருபத்தைந்து அடி இடைவெளியில் 72 சென்ட்டுக்கு ஐம்பது தென்னை வைக்கலாம். காய்க்கும் தென்னை ஒன்றுக்குக் கோடையில் சொட்டுநீரிலேயே நாளொன்றுக்கு 60 லிட்டர் அளவுக்கு வேண்டும். ஐம்பதுக்கு 3,000 லிட்டர். கிணற்றில் ஊறுவது முழுவதும் அதற்கே போயிருக்கும், வைத்த பிறகு வெட்டிப் போடவும் மனம் வராது. மதுரை மாவட்டத்துக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்றோடு வருவது. அந்த மாதங்களில் எந்தக் கிணறும் அழகாகத்தான் இருக்கும். ஒரு கோடையைப் பார்க்காமல் மரம் எதையும் முடிவு செய்யாதீர்கள்.

மண்ணைப் பற்றி நான் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுத வேண்டியிருக்கிறது. நிலம் முழுக்கச் சீமைக்கருவேலம். வெட்டினால் மறுபடி துளிர்த்துவிடும், வேரோடு பிடுங்க வேண்டும் என்பதால் பொக்லைன் அமர்த்தினோம். மரங்களைப் பிடுங்கிய கையோடு மேடுபள்ளத்தையும் சமப்படுத்திக் கொடுத்துவிடுகிறேன் என்றார் ஓட்டுநர். நாங்களும் சரி என்றோம். மாலையில் நிலம் மைதானம்போல இருந்தது, எங்களுக்கு மகிழ்ச்சி. மழை பெய்த பிறகுதான் புரிந்தது. கிழக்குப் பக்கத்தில் இருந்த மேல்மண் முழுவதும் பள்ளத்துக்குள் போய்விட்டது. மேலே நின்றது வெறும் சரளை. மூன்றாண்டுகளாகத் தொழு உரம் கொட்டுகிறோம், ஆட்டுக்கிடை போட்டோம், இன்னமும் அந்த இருபது சென்ட்டில் எள்கூட முழங்கால் உயரத்துக்கு மேல் வருவதில்லை. சமப்படுத்தத்தான் வேண்டும் என்றால், முதலில் மேலேயுள்ள அரை அடி மண்ணைத் தனியாக வழித்து ஓரத்தில் குவிக்கச் சொல்லுங்கள். சமப்படுத்திய பிறகு அதைத் திரும்பப் பரப்பச் சொல்லுங்கள். இரண்டு மணி நேர வாடகை கூடுதலாக ஆகும். கொடுங்கள். அன்று விடுப்பு எடுத்துக்கொண்டு கூடவே நில்லுங்கள்.

உங்கள் நிலம் எந்தப் பக்கம் என்று நீங்கள் சொல்லவில்லை. மதுரையைச் சுற்றி மண்ணும் நீரும் திசைக்கு ஒன்றாக மாறுபவை. மேலூர்ப் பக்கம் பெரியாறு பாசனக் கால்வாய் ஓடுகிறது, திறந்துவிடும் நாளை ஒட்டியே அங்கே வாழ்க்கை. திருமங்கலம், தே.கல்லுப்பட்டிப் பக்கம் கரிசல், மழை பெய்தால் காலைக்கூட வைக்க முடியாது, ஆனால் குதிரைவாலியும் பருத்தியும் மானாவாரியில் வரும். எங்களுடையது செவல், அதாவது செம்மண். ஆகவே என் பயிர்களைப் பார்த்து எழுதிவைத்துக்கொள்ள வேண்டாம். நிலத்தில் பத்துப் பன்னிரண்டு இடங்களில், ஆங்கில 'வி' வடிவில் அரை அடி ஆழத்துக்கு வெட்டி, பக்கச்சுவரில் சீவிய மண்ணை ஒன்றாகக் கலந்து, நான்காகப் பங்கிட்டு எதிரெதிர்ப் பங்குகளை எடுத்து, கடைசியில் அரை கிலோ வரும்வரை குறைத்து மண் பரிசோதனைக்குக் கொடுங்கள். எருக்குழி, வரப்பு, மரத்தடி மண் வேண்டாம். தண்ணீரையும் சோதியுங்கள், மோட்டாரைக் கால் மணி நேரம் ஓடவிட்டுப் பிறகு பிடித்த தண்ணீராக இருக்கட்டும். ஒத்தக்கடையில் யானைமலையின் பக்கத்தில் 1965 முதல் வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது. முடிவுத் தாளோடு அங்கே போய்க் கேட்டோம், பொறுமையாகவே விளக்கினார்கள்.

முதல் ஆண்டு பலதானியம் மட்டும் விதைத்தோம். சோளம், கம்பு, தட்டைப்பயறு, உளுந்து, எள், சணப்பை எல்லாம் கலந்து புரட்டாசி மழையில் தூவினோம். பூக்கத் தொடங்கியதும் மண்ணுக்கே உரமாக மடக்கி உழுதோம். மகன் அப்போது மூன்று வயதுக் குழந்தை, சணப்பைக்குள் நின்றால் தலை தெரியாது. வருமானம் எதுவும் இல்லை. ஆனால் அந்த ஆண்டுதான் எந்த மூலையில் தண்ணீர் தேங்குகிறது, எந்த வேலியில் மயில் நுழைகிறது என்று கற்றுக்கொண்டோம்.

இரண்டாம் ஆண்டு மழைக்கு முன் மரங்கள். சீத்தா, நெல்லி, முருங்கை, வேலியோரம் கிளுவைப் போத்தும் (நடுவதற்கு வெட்டிய கிளை) அகத்தியும், வீட்டுக்கென்று நான்கு மா. சீத்தாவை நான் மனதாரப் பரிந்துரைப்பேன். நம் பக்கத்துக் குன்றுகளில் தானாகவே வளர்வது, வறட்சியைத் தாங்கும், ஆடு அதன் இலையை வாயில் வைக்காது. கன்றுகளுக்குப் பக்கத்தில் பத்து லிட்டர் மண்பானையைக் கழுத்துவரை புதைத்து, அடியில் சிறு துளையிட்டுத் துணித்திரி செருகி, வாயை மூடிவைத்தோம். ஒரு முறை நிரப்பினால் கோடையிலும் நான்கு நாட்களுக்குக் கசிந்தது. மேலே காய்ந்த இலை, கடலைக்கொடி என்று ஒரு சாண் மூடாக்கு. 42 கன்றுகளில் 36 பிழைத்தன. பானையை நிரப்ப வாரம் நடுவில் ஒரு நாள் அப்பத்தாவின் மகன் உதவினார், அதற்குக் கூலி கொடுத்தோம். இப்போது சொட்டுநீர் போட்டாயிற்று. சிறு, குறு விவசாயி சான்று இருந்தால் அதற்கு அரசின் முழு மானியம் உண்டு, வட்டாட்சியர் அலுவலகத்தில் சான்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் ஆண்டு 40 சென்ட்டில் நிலக்கடலை. இதை ஏன் துணிந்தோம் என்றால் பக்கத்துத் தோட்டமும் கடலை, காவல் சேர்ந்தே நடந்தது. தனியாகப் போட்டிருந்தால் முளைக்கும் முன்னரே மயில்கள் பொறுக்கியிருக்கும். இருபதாம் நாள் ஒரு களை, நாற்பதாம் நாள் ஒரு களையோடு ஏக்கருக்கு 160 கிலோ என்ற கணக்கில் ஜிப்சம் போட்டு மண் அணைப்பு. அந்த இரண்டு வாரமும் கல்யாணத்துக்கும் போகவில்லை, நாட்காட்டியில் முன்பே வட்டமிட்டிருந்தோம். நான்கு மூட்டை வந்தது. ஒன்றை விதைக்கும் அவித்துத் தின்பதற்கும் வைத்துக்கொண்டு மூன்றை உடைத்துச் செக்கில் ஆட்டினோம். முப்பது லிட்டருக்குச் சற்றுக் கூடுதலாக எண்ணெய். கூலியெல்லாம் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் கடையில் வாங்குவதைவிட அதிக விலைதான். ஆனாலும் அந்த எண்ணெயில் தாளிக்கும்போது வரும் மணத்தை என் பிள்ளைகள் வாசலிலிருந்தே கண்டுபிடிக்கிறார்கள்.

மல்லிகை வைக்கச் சொல்லி உங்களுக்கும் பலர் சொல்வார்கள். மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது, நம் ஊரின் பெருமை. ஆனால் பருவத்தில் தினமும் விடிவதற்குள் மொட்டுப் பறித்தாக வேண்டும், பறித்த சூட்டோடு சந்தைக்குப் போக வேண்டும். ஒரு நாள் விட்டால் அன்றைய பூ மலர்ந்து வீண். மொட்டுப்புழுவுக்கு மருந்து அடிப்பது தனி. வார இறுதிக் குடும்பம் அதைத் தொடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. கிணற்றடியில் நான்கு செடி வைத்திருக்கிறேன், என் தலைக்கும் சாமிக்கும் போதும்.

பணத்தை எதில் முதலில் போடுவது என்றால், தயங்காமல் கிணற்றின் கைப்பிடிச் சுவரில் போடுங்கள். நம் பக்கத்துத் தோட்டக் கிணறுகள் பல தரையோடு தரையாகத் திறந்தே கிடக்கும். எங்களுடையதும் அப்படித்தான் இருந்தது. மூன்றரை அடிச் சுவரும் மேலே கம்பி வலையும் போட்டு முடிக்கும்வரை பிள்ளைகளை அங்கே இறக்கிவிடவில்லை. அடுத்து பாம்பு. கண்ணாடி விரியனும் கட்டு விரியனும் நாகமும் இருக்கும் மண் இது. முழங்கால் உயரக் காலணி, இருட்டியபின் டார்ச், மட்டை குவியலிலும் கல் இடுக்கிலும் கைவிடக் கூடாது. இது பிள்ளைகளுக்குத் தினசரிப் பாடம். கடித்துவிட்டால் கீறுவதோ இறுக்கிக் கட்டுவதோ மந்திரிப்பதோ வேண்டாம், கடிபட்ட காலை அசைக்காமல் 108ஐ அழைத்து, விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும். உங்கள் தோட்டத்துக்கு மிக அருகில் அது எங்கே என்று இப்போதே கேட்டு வையுங்கள்.

கடைசியாக ஆடு. உங்கள் மகன் கேட்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் வீட்டிலும் கோழிகளுக்குப் பிறகு அதே பேச்சு வந்தது. இந்த முறை அப்பத்தாவிடம் கேட்டோம். வாரத்துக்கு, அதாவது பங்குக்கு, விடச் சொன்னார். ஊர்ப்புறத்தில் இருக்கும் பழைய ஏற்பாடுதான். இரண்டு பெட்டை ஆடுகளை நாங்கள் வாங்கிக் கொடுத்தோம், அவர் தம்முடைய மந்தையோடு மேய்க்கிறார், பிறக்கும் குட்டிகளில் பாதி எங்களுக்கு, பாதி அவருக்கு. மழைக்கு முன் துள்ளுமாரி நோய்க்கும், உரிய காலத்தில் ஆட்டுக்கொல்லி நோய்க்கும் தடுப்பூசி போடுவது எங்கள் பொறுப்பு, அந்த நாளுக்கு நான் விடுப்பு எடுக்கிறேன். எங்கள் கன்றுகளும் பிழைத்தன, ஆடுகளும் பிழைத்தன. கடந்த தையில் ஒன்று இரட்டைக் குட்டி போட்டது. எங்கள் பங்குக் குட்டி நெற்றியில் வெள்ளை உள்ளது. மூத்தவள் அதற்குப் பெயர் வைத்திருக்கிறாள், கோழிகளுக்குப் பிறகு அவள் வைத்த முதல் பெயர். இரவில் அது அப்பத்தாவின் கொட்டத்தில்தான் படுக்கிறது. சனிக்கிழமை கார் வரப்பருகே நின்றதும் இவள் இறங்கி அங்கேதான் ஓடுகிறாள்.