ஔவை டி.கே. சண்முகம் பற்றி நீங்கள் கேட்டவை

கேள்வி: கமலின் 'அவ்வை சண்முகி'க்கும் இவருக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. சண்முகம் நாடக நடிகர், சகோதரர்களோடு டி.கே.எஸ். நாடகக் குழுவை நடத்தியவர். கமல் சிறுவனாக அந்தக் குழுவில் இருந்தவர். 1996இல் பெண் வேடம் கட்டியபோது தன் வாத்தியாரின் பெயரையே எடுத்துக்கொண்டார். சென்னையில் பழைய லாயிட்ஸ் சாலைக்கும் இப்போது சண்முகத்தின் பெயர்தான்.

கேள்வி: நாடகத்துக்கு எப்படி வந்தார்?

அப்பா கண்ணுசாமிப் பிள்ளையே ஸ்திரீபார்ட், அதாவது பெண் வேடம் போடும் நடிகர். 1918இல் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் பால சபை என்ற சிறுவர் நாடகக் கம்பெனி மதுரையில் தொடங்கியபோது, 1912இல் பிறந்த சண்முகமும் அண்ணன்களோடு அதில் சேர்ந்துவிட்டார். சாப்பாடு, படுக்கை, பாடம், அடி எல்லாமே கம்பெனி வீட்டில்தான். இப்படிப்பட்ட பாய்ஸ் கம்பெனிப் பையன்களுக்குப் பெரிய பயம் மகரக்கட்டு, வளரும் வயதில் குரல் உடைவது. குரல் உடைந்தால் பாட்டு போச்சு, பாட்டு போனால் ராஜபார்ட் என்ற கதாநாயக வேடமும் போச்சு.

கேள்வி: சுவாமிகள் ஒரே இரவில் ஒரு நாடகம் எழுதினாராமே, கதைதானே?

கதை இல்லை. சண்முகமே தன் சுயசரிதையான 'எனது நாடக வாழ்க்கை'யில் எழுதியிருக்கிறார். அவர் நடிப்பதற்காகவே எழுதப்பட்ட அபிமன்யு நாடகம் அது. இரவு உட்கார்ந்த சுவாமிகள் பாட்டும் வசனமுமாக முழுவதையும் எழுதி, விடிவதற்குள் முடித்துவிட்டார். இன்றைக்கு ஒரு சீரியல் எபிசோடுக்கே நாலு பேர் உட்கார்கிறார்கள். சரி, அதை விடுங்கள்.

கேள்வி: பெண் நடிகைகள் இல்லாததால்தான் ஔவையாராக நடித்தாரா?

இல்லை. 1942இல் 'ஔவையார்' நாடகம் மேடையேறியபோது பெண்கள் நாடகத்துக்கு வந்துவிட்டார்கள். அவராக விரும்பி எடுத்த வேடம் அது. முப்பது வயது ஆண், கூன் விழுந்த கிழவியாகத் தடியூன்றி, முதுகை நிமிர்த்தாமல், கிழக்குரலிலேயே பேசிப் பாடி நாடகம் முழுக்க நிற்க வேண்டும். பெண் வேடத்தைவிட முதுமைதான் கடினம் என்பது என் கட்சி. 1953இல் ஜெமினி எடுத்த படத்தில் கே.பி. சுந்தராம்பாள் ஔவையாரானார். அவர் பாட்டை யாரும் தொட முடியாது. ஆனாலும் 'ஔவை' என்ற பட்டம் சண்முகத்தின் பெயரோடுதான் ஒட்டிக்கொண்டது.

கேள்வி: சினிமாவில் ஏன் பெரிதாக வரவில்லை?

1935இலேயே ராஜா சாண்டோ இயக்கிய 'மேனகா'வில் சகோதரர்கள் நடித்துவிட்டார்கள். அதன் பிறகும் அவ்வப்போது படங்கள் உண்டு. ஆனால் படம் முடிந்ததும் கம்பெனிக்குத் திரும்பிவிடுவார். ஊர் ஊராகக் கொட்டகை போட்டு, ஒரு குழுவையே வைத்துச் சோறு போட்டவர் ஸ்டூடியோவில் கால்ஷீட்டுக்குக் காத்திருப்பாரா?

திரையில் அவரைப் பார்க்க வேண்டுமானால் 1961இல் பந்துலு எடுத்த 'கப்பலோட்டிய தமிழன்' பாருங்கள். அதில் அவர் சுப்பிரமணிய சிவா. சிறையிலிருந்து வரும் வ.உ.சி.யை எதிர்கொள்ள, தொழுநோய் கண்ட உடம்பைப் போர்த்திக்கொண்டு சிவா நிற்கும் காட்சியில், எதிரே இருப்பவர் சிவாஜி. அந்த இடத்தில் எனக்குச் சிவாஜி தெரிவதில்லை.

கேள்வி: அவர் கம்பெனியிலிருந்து வேறு யார் வந்தார்கள்?

என்.எஸ். கிருஷ்ணன், கே.ஆர். ராமசாமி, எஸ்.வி. சகஸ்ரநாமம் என்று பட்டியல் நீளும். இயக்குநர் ஏ.பி. நாகராஜன் அங்கே ஸ்திரீபார்ட் போட்டவர். டி.கே.எஸ். மேடையில் சண்முகத்தின் தம்பி பகவதி ராஜராஜ சோழனாக முழங்கிய நாடகத்தைத்தான், 1973இல் நாகராஜன் சிவாஜியை வைத்து சினிமாஸ்கோப்பில் எடுத்தார்.

கேள்வி: எங்கிருந்து தொடங்கலாம்?

சுயசரிதையிலிருந்து. தடிமனான புத்தகம், பயப்படாமல் பால சபை அத்தியாயங்களை முதலில் படியுங்கள். அப்புறம் விட மாட்டீர்கள்.