விடுதி அறையில் பாட்காஸ்ட் பதிவு: கிணற்றுக்குரல்
குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கிறது, வளாக ஸ்டூடியோவில் சேர்ந்தால் தீருமா என்று கேட்டிருந்தீர்கள். தீரும். ஆனால் குற்றவாளி மைக் அல்ல, குரலை எதிரொலிக்கும் வெற்றுச் சுவர். அதன்மேல் தடித்த போர்வையைத் தொங்கவிட்டாலே பாதி அடங்கிவிடும். மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிச் சற்றுச் சாய்த்து வையுங்கள், ‘ப’ சொல்லும்போது மூச்சுக்காற்று மைக்கில் மோதி வெடிக்காது.

ஸ்டூடியோவுக்கு வேறு காரணத்துக்காகப் போங்கள்: அரைமணிப் பேச்சை எட்டு நிமிடமாக வெட்டப் பழக. சென்னையில் என்றால், 2004-இல் தொடங்கிய அண்ணா பல்கலைக்கழகச் சமுதாய வானொலி (90.4 எஃப்.எம்.) இருக்கிறது. என் முதல் எடிட்டிங்கில் பேசியவரின் மூச்சையெல்லாம் வெட்டிவிட்டேன். பாவம், ரயில் நிலைய அறிவிப்புபோல் ஒலித்தார்.

வெட்டாத பதிவில் ஒரு நிமிடம் இங்கே போடுங்கள், கேட்டுச் சொல்கிறேன்.