யாருமில்லாத தட்டு

அன்புள்ள ஐயா,

என் பத்து வயது மகள் ஒரு சாகச நாவலை மூன்றாம் முறையாகப் படிக்கிறாள். அக்காவுக்கும் தம்பிக்கும் திடீரென்று அதிசய சக்திகள் வந்துவிடுகின்றன. பக்கத்துக்குப் பக்கம் சண்டை, கேலி. தனியே உட்கார்ந்து சிரிக்கிறாள். நீதி என்று எதுவும் அதில் இல்லை. இப்படியே விட்டால் நல்ல இலக்கியத்துக்கு வருவாளா? எந்த வயதில் எதைக் கொடுக்கலாம் என்று ஒரு பட்டியல் தருவீர்களா?

ஒரு தாய்

அன்புள்ள அம்மா,

பட்டியல் தர மாட்டேன். வயதுக்கு இத்தனை மில்லி என்று புகட்டப் புத்தகம் என்ன இருமல் மருந்தா? மூன்றாம் முறை படிக்கிறாள் என்பதைப் புகாராக எழுதுகிறீர்கள். என் புத்தகத்தை அப்படிப் படிப்பவர் யாராவது இருந்தால் வீடு தேடிப் போய்க் கும்பிட்டுவிட்டு வருவேன். நீதியை விடுங்கள். அவள் எந்த இடத்தில் சிரிக்கிறாள் என்று ஒருமுறையாவது கேட்டீர்களா?

ஆங்கில எழுத்தாளர் இ. நெஸ்பிட் 1902இல் எழுதிய ‘ஃபைவ் சில்ட்ரன் அண்ட் இட்’ நாவலில் மணல் தேவதை ஒன்று பிள்ளைகளுக்கு வரம் தரும். சூரியன் மறைந்தால் வரமும் போய்விடும். பேரழகு வேண்டும் என்கிறார்கள். கிடைக்கிறது. கைக்குழந்தைத் தம்பி அவர்களை அடையாளம் தெரியாமல் வீறிடுகிறான். பணிப்பெண் கதவைச் சாத்திவிடுகிறாள். பொழுது சாயும்வரை பட்டினி. சிரிப்பு சக்தியில் இல்லை அம்மா, அந்தச் சக்தி வீட்டுக்குள் செல்லாக்காசாகும் இடத்தில் இருக்கிறது. ஒருவன் பறக்கிறான், ஊரே அண்ணாந்து பார்க்கிறது என்றால் அது வெறும் வித்தை. “பல் தேய்த்தாயா?” என்று அவன் காலைப் பிடித்து இழுக்க ஓர் அக்கா வந்தால்தான் கதை.

எனக்கு ஏழு வயதில் அண்ணன் ஒருநாள் “நீ மறைந்துவிட்டாய்” என்று அறிவித்தான். அக்காவும் சேர்ந்துகொண்டாள். என் மூக்குக்கு நேரே காற்றைத் துழாவி “இங்கேதானே இருந்தான்?” என்றார்கள். என் பிஸ்கட்டை “யாருமில்லாத தட்டு” என்று சொல்லித் தின்றார்கள். முதலில் சிரித்தேன், பிறகு கத்தினேன், பிறகு கண்ணாடி முன் போய் நின்றேன். முகம் தெரிந்தது. எனக்கு மட்டும் தெரிகிறதோ என்று சந்தேகம் வந்துவிட்டது. கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்தவன் அப்படியே தூங்கிவிட்டேன்.

விழித்தபோது இருட்டியிருந்தது. அண்ணன் அழுதுகொண்டே என் பெயரைச் சொல்லி ஒவ்வொரு அறையாகத் தேடிக்கொண்டிருந்தான். நான் வாயைத் திறக்கவில்லை. அவ்வளவு பலம் எனக்கு அதற்குப் பிறகு வாய்த்ததே இல்லை. அக்காதான் விளக்கோடு குனிந்து பார்த்து, ஒரு வார்த்தை பேசாமல், என் காலைப் பிடித்து வெளியே இழுத்தாள்.